தாய் படிக்க முடியாத கடிதம்



எழுத்தறியாத தாய்க்கு ஒரு மகன் கடிதம் எழுதுகிறான். அவளால் அதைப் படிக்க இயலாது என்பதை அறிந்தே எழுதுகிறான். ஏன்? இந்த வினாவே ஒரு நாவலாக விரிந்துள்ளது. அதன் ஆங்கிலத் தலைப்புக்கு, 'இம்மண்ணில் நாம் சிறுபொழுதே பேரழகு' என்று பொருள் கூறலாம். 1988-இல் வியட்நாமில் பிறந்து, இரண்டு வயதில் அமெரிக்கா சேர்ந்த ஓஷன் வுவாங் என்னும் கவிஞர், 2019-இல் இதனை வெளியிட்டார்.

கதை, கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டு நகரில் நிகழ்கிறது. தாய், நக ஒப்பனைக் கடையில் உழைக்கிறாள். போரின் நினைவுகளால் சித்தம் கலங்கிய பாட்டி லான், பேரனை 'நாய்க்குட்டி' என்றே அழைக்கிறாள். இழிந்த பெயரைக் கேட்டால் தீய ஆவிகள் குழந்தையைத் தீண்டாமல் போய்விடும் என்பது அவள் ஊர் நம்பிக்கை. பிள்ளை தங்க வேண்டுமென்று குப்பை என்றும் பிச்சை என்றும் பெயரிட்ட நம் பாட்டிமாரின் அன்பும் இத்தகையதே அன்றோ?

ஒருநாள் தாய் மாட்டுவால் இறைச்சி வாங்கச் செல்கிறாள். அதற்குரிய ஆங்கிலச் சொல் தெரியவில்லை. விரலை வாலாக ஆட்டி, மாட்டைப்போல் கத்திக் காட்டுகிறாள். கடைக்காரர்கள் சிரிக்கின்றனர். இனித் தாய்க்குச் சொல்லாகத் தானே இருப்பதென்று சிறுவன் உறுதி பூணுகிறான்.

ஆனால், தன்னைப் பற்றிய ஓர் உண்மையைச் சொல்ல அவனுக்கே சொல் கிடைக்கவில்லை. பதினான்காம் வயதில் புகையிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சென்றவன், அங்கே டிரெவர் என்னும் இளைஞன்மேல் காதல் கொள்கிறான். பின்னர் ஒருநாள், தனக்குப் பெண்கள்மேல் நாட்டமில்லை என்பதைத் தாயிடம் கூறுகிறான். அவள் திகைக்கிறாள், உலகம் மகனுக்குத் தீங்கு செய்யுமோ என்று அஞ்சுகிறாள். அதன்பின் அவளும், வியட்நாமில் பிறவாமலே இழந்த மகனைப் பற்றி முதன்முறையாக வாய்திறக்கிறாள். ஓர் உண்மை மற்றோர் உண்மையை அழைத்து வந்துவிட்டது!

டிரெவரின் முடிவு துயரமானது. கணுக்கால் முறிவுக்கு மருத்துவர் தந்த வலிநீக்கி மருந்து, அவனைப் போதைக்கு அடிமையாக்குகிறது. இருபத்திரண்டு வயதில் இறந்துபோகிறான். அக்காதலை நினைவுகூரவும் கடிதம் ஒன்றே எஞ்சுகிறது.

படிக்க மாட்டாள் என்ற உறுதியே, எதையும் மறைக்காமல் எழுதும் துணிவை மகனுக்கு அளிக்கிறது. நம் வீட்டிலும் வகுப்பிலும் இவ்வாறு சொல்லின்றி நிற்பவர் இருக்கக்கூடும். என்றேனும் அவர் வாய்திறந்தால், நகையாமல் செவிசாய்ப்போம். அந்தக் கடைக்காரர்கள் செய்யத் தவறியது அதுதானே!