தன்னம்பிக்கை தனி ஆள் சமாச்சாரமா?

(இணையவழிக் கல்வி பற்றி மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'இணையவழிக் கல்வியில் ஊக்கம், தன்னம்பிக்கை, மனநலம்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தச் சொற்களைக் கேட்டதும் எனக்கு ரயில் நிலையத்துப் புத்தகக் கடைதான் ஞாபகத்துக்கு வருது. அட்டையில் கோட்டு போட்ட ஒருத்தர் கையைக் கட்டிக்கிட்டு நிப்பார். உள்ளே முந்நூறு பக்கத்துக்குச் சொல்லியிருப்பது ஒரே ஒரு சங்கதிதான்: நீ ஜெயித்தால் உன் திறமை, தோற்றால் உன் குற்றம். நான் அதற்கு எதிரான ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். ஊக்கமும் தன்னம்பிக்கையும் தனி ஆளுடைய பிறவிச் சொத்து அல்ல. ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கிறது. இன்னொரு சமூகத்துப் பிள்ளைகளிடமிருந்து அதைப் பிடுங்கவும் செய்கிறது.

இதை ஏன் இப்போது பேச வேண்டும்? ஊரடங்குதான் முடிந்துபோனதே என்று கேட்கலாம். ஊரடங்கு முடிந்தது, செல்போன் வகுப்பு முடியவில்லை. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவன் யூடியூபில் படிக்கிறான். ஸ்வயம், என்.பி.டி.இ.எல். என்று கல்லூரிப் பாடமே இணையத்தில் கிடைக்கிறது. 'எல்லாருக்கும் சமமாத் திறந்து கிடக்குது, படிக்கிறவன் படிச்சுக்க வேண்டியதுதானே' என்கிற நியாயமும் கூடவே வந்திருக்கிறது. திறந்துதான் கிடக்கிறது. உள்ளே போன நம்ம புள்ளைங்க ஏன் சத்தமில்லாமல் வெளியே வந்துவிடுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

கருவி இல்லாத கொடுமையை முதலில் சொல்லிவிடுகிறேன். தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று 2017-18இல் எடுக்கப்பட்டது. அதன்படி இந்தியக் கிராமங்களில் 100 வீட்டுக்கு 4 வீட்டில்தான் கணினி, ஏறத்தாழ 15 வீட்டில்தான் இணைய வசதி. இந்த லட்சணத்தில்தான் 2020 மார்ச்சில் பள்ளிகளைப் பூட்டிவிட்டு, பாடம் போனில் வரும் என்றார்கள். 2021 ஆகஸ்டில் 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலுமாக ஏறத்தாழ 1400 ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளை ஆய்வு செய்தார்கள். கிராமத்தில் ஒழுங்காக இணையத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள் 8 விழுக்காடு, நகரத்தில் 24 விழுக்காடு. தமிழ்நாட்டில் 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி இலவசமாகக் கொடுத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்த ஒரு போனை அப்பா வேலைக்கு எடுத்துக்கிட்டுப் போய் ராத்திரி எட்டு மணிக்குத்தான் திரும்புவார் என்றால், பகலில் அந்த 2 ஜிபி யாருக்கு?

கேரளத்தில் 2020 ஜூனில் இணைய வகுப்பு தொடங்கியபோது ஒரு தலித் பள்ளி மாணவி உயிரை விட்டாள். வீட்டில் தொலைக்காட்சி பழுது, ஸ்மார்ட்போன் கிடையாது. அவளுக்குப் படிப்பில் ஊக்கம் இல்லை என்று எவனாவது சொல்ல முடியுமா? படிக்க முடியாமல் போகுதே என்கிற தவிப்பே அவளைத் தின்றது. ஊக்கம் நம்மிடம் நிறையவே இருக்கிறது தோழர்களே. அதை நசுக்குகிற ஏற்பாடுகளைப் பற்றித்தான் பேச வேண்டும்.

போன் கிடைத்தவர்களும் பாதியில் நிறுத்தினார்கள். அது ஏன்? ஆல்பர்ட் பண்டூரா என்கிற உளவியலாளர் 1977இல் எழுதிய கட்டுரை ஒன்றில், 'இது என்னால் முடியும்' என்ற எண்ணம் மனுசனுக்கு நாலு ஊற்றிலிருந்து வருகிறது என்றார். செய்து முடித்த அனுபவம். தன்னைப் போன்ற ஒருத்தர் செய்வதைப் பார்ப்பது. மதிக்கிறவர்கள் சொல்லும் வார்த்தை. நாலாவது, உடம்பும் மனசும் இருக்கும் நிலை. இந்த நாலையும் நம்ம சேரிக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

வகுப்பறையில் ஒரு கணக்கைக் கரும்பலகையில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால், அது ஒரு வெற்றி. அடுத்த கணக்குக்குக் கை தூக்கத் தெம்பு வரும். போன் வகுப்பில் பதில் சொல்ல வாயெடுக்கும்போது சிக்னல் போய்விடும். விடைத்தாளைப் படம் எடுத்து அனுப்பினால் வட்டம் சுற்றிக்கிட்டே இருக்கும், நேரம் முடிந்துவிடும், வராதவர் கணக்கில் பேர் ஏறிவிடும். நாலு தடவை இப்படி நடந்தால் பையன் 'டவர் சரியில்லை' என்று சொல்வதை விட்டுவிட்டு, 'எனக்கு மண்டையில ஏறாது' என்று சொல்ல ஆரம்பிக்கிறான். கம்பத்தில் இருக்கிற கோளாறு அவன் மூளைக் கோளாறாக மாறிவிடுகிறது.

அடுத்து, தன்னைப் போன்ற ஒருத்தர். திரையில் பாடம் நடத்துகிறவரின் பேச்சு நம்ம பேச்சு இல்லை. அவர் பின்னால் தெரிகிற அலமாரி நம்ம வீட்டில் இல்லை. வகுப்பறையில் பக்கத்துப் பெஞ்சில் நம்ம தெருப் பையன் ஒருத்தனாவது இருப்பான். வார்த்தை சொல்ல ஆள் வேண்டும் என்றால், ஆத்தாவுக்கும் அப்பனுக்கும் போனில் நடப்பது படிப்பா, படமா என்றே தெரிவதில்லை. 'எந்நேரமும் அதையே நோண்டிக்கிட்டுக் கெட' என்ற ஏச்சுதான் விழும். பொம்பளப் புள்ளைங்க நிலைமை இன்னும் மோசம். கையில் போன் இருந்தாலே சந்தேகம். தண்ணி எடுக்கணும், தம்பியைப் பார்க்கணும், அதற்கு நடுவில் வகுப்பு.

உடம்பைச் சொல்ல வேண்டுமா? மத்தியானம் ஷீட்டுக் கூரைக்கு அடியில் உட்கார்ந்து மூணு மணி நேரம் சின்னத் திரையைப் பார். தலை வலிக்கும், நெஞ்சு படபடக்கும். பள்ளி பூட்டியிருந்த காலத்தில் சத்துணவுக்கூடத்துச் சுடுசோறும் இல்லை. பசியில் வருகிற படபடப்பையும் மனுசன் தன் திறமைக் குறைவு என்றே எடுத்துக்கொள்கிறான். பண்டூராவின் நாலாவது ஊற்று சொல்வது இதைத்தான்.

இதற்கெல்லாம் மேலே சாதி இருக்கிறது. இணையத்தில் சாதி தெரியாது, அங்கே எல்லாரும் வெறும் பெயர்தான் என்று சில நண்பர்கள் எழுதினார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு கல்லூரியின் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில், எல்லாரும் பார்க்க, 'கீழ்க்கண்ட எஸ்.சி. மாணவர்கள் உதவித்தொகைப் படிவம் தரவில்லை' என்று பட்டியல் போடுகிறார்கள். அன்றைக்குச் சாயங்கால வகுப்பில் அந்தப் பிள்ளைகள் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. இன்னொரு வகுப்பில் கேமராவைப் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறார்கள். தெருவில் சாவு. ஒருத்தன் மைக் வழியாகப் பறைச் சத்தம் கேட்டுவிட்டது. உடனே குழுவில் சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்து விழுகின்றன. அதற்குப் பிறகு அவன் வகுப்புக்கே வரவில்லை. அவன் ஊக்கம் குறைந்த மாணவனா?

இது என் மனப்பிரமை இல்லை. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு ஆய்வாளர்கள் உத்தரப்பிரதேசக் கிராமத்தில் செய்த சோதனையின் முடிவை 2004இல் வெளியிட்டார்கள். உயர்த்தப்பட்ட சாதிப் பையன்கள் 321 பேர், தாழ்த்தப்பட்ட சாதிப் பையன்கள் 321 பேர். புதிர்ப்பாதைப் படங்களைக் கொடுத்து வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். சாதியைச் சொல்லாதபோது இரண்டு தரப்பும் ஏறத்தாழ ஒரே மாதிரி போட்டார்கள். பையன்களின் பெயரோடு சாதியையும் எல்லார் முன்னாலும் அறிவித்தபோது நம்ம பையன்கள் போட்ட எண்ணிக்கை கணிசமாக இறங்கிப்போனது. அதே மூளை, அதே புதிர், அதே கை. நடுவில் நுழைந்தது ஒரு அறிவிப்பு மட்டும்தான். அந்த வாட்ஸ்அப் பட்டியலை இதோடு சேர்த்துவைத்துப் பாருங்கள்.

2021 ஏப்ரலில் கரக்பூர் ஐ.ஐ.டி.யில், தலித், பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான ஆயத்த வகுப்பில், ஆசிரியை ஒருவர் திரையிலேயே மாணவர்களைக் கேவலமாகத் திட்டினார். அந்தக் காட்சி வெளியே பரவிய பிறகுதான் அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். மூடிய வகுப்பறையில் இதே வார்த்தையைக் கேட்டவர்கள் எத்தனை பேர் என்று யாரிடம் கணக்கு இருக்கிறது?

இன்னொரு உண்மையையும் தெரிந்துகொள்ளுங்கள். தனியாக உட்கார்ந்து திரையில் படிப்பது யாருக்குமே எளிது இல்லை. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய இலவச இணையப் படிப்புகளை ஆராய்ந்து 2019இல் ஒரு கட்டுரை வந்தது. 2017-18இல் சேர்ந்தவர்களில் 100க்கு ஏறத்தாழ 3 பேர்தான் முடித்திருக்கிறார்கள். உலகம் முழுக்கப் படித்தவர்கள், வசதியானவர்கள் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. வசதியான வீட்டுப் பிள்ளை திரைக்கு முன்னால் தனியாக இருப்பதுபோலத்தான் தெரியும். ஆனால் பக்கத்து அறையில் இன்ஜினியர் மாமா இருக்கிறார், கூப்பிட்டால் டியூஷன் வாத்தியார் வருகிறார், மூணு தலைமுறைப் படிப்பு முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. நிஜமாகவே தனியாக உட்கார்ந்திருப்பது நம்ம வீட்டு முதல் தலைமுறைப் பிள்ளைதான்.

அப்படியானால் இயக்கம் என்ன செய்யணும்? முழக்கம் மட்டும் போட்டால் போதாது. பல சேரிகளில் படிப்பகமோ சமுதாயக்கூடமோ ஒன்று இருக்கிறது. சாயங்காலம் அஞ்சு பேர் ஒரு திரைக்கு முன்னால் உட்காருங்கள். பாடத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். புரியாததை நம்ம பேச்சில் பேசுங்கள். ஒருத்தன் ஒரு கணக்கைப் போட்டால் அதை எல்லாரும் பார்க்கட்டும். அதே தெருவில் இரண்டு வருசம் முன்னால் படித்து முடித்த அக்காவோ அண்ணனோ வாரத்துக்கு ஒருநாள் வந்து உட்காரட்டும். பொம்பளப் புள்ளைங்க வந்துபோக நேரமும் துணையும் நாம் ஏற்பாடு செய்வோம். பண்டூராவின் நாலு ஊற்றில் மூன்று இங்கேயே திறந்துவிடும். ஒரு பிள்ளை சாப்பிடாமல் தூங்காமல் ஒடுங்கிப்போனால் முதலில் கண்டுபிடிப்பதும் கூட உட்காருகிறவர்கள்தான். அப்போது மருத்துவரிடம் அழைத்துக்கொண்டு போவதில் வெட்கம் வேண்டாம்.

2021 அக்டோபரில் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்கள் தெருவுக்கே வந்தார்கள். தெருவில் ஒரு ஆள் இருந்தால் பிள்ளை படிக்கும் என்பதை அரசே ஒப்புக்கொண்ட மாதிரிதான் அது. ஆனால் எந்தத் தெரு, ஊர்த் தெருவா சேரித் தெருவா என்ற கேள்வியை நாம்தான் கேட்கணும். கல்லூரிகளிடமும் கேட்கணும். சாதி தெரியும் பட்டியலைக் குழுவில் போடாதே. கேமராவைக் கட்டாயமாக்காதே. சிக்னல் போனதற்கு வராதவர் என்று போடாதே. பாடத்தைப் பதிவு செய்து கொடு. இதெல்லாம் சலுகை கிடையாது. படிப்பதற்கு வேண்டிய குறைந்தபட்ச மரியாதை.

1942 ஜூலையில் நாக்பூர் மாநாட்டில் பாபாசாகேப் கற்கவும் கிளர்ந்தெழவும் ஒன்றுசேரவும் சொன்னார். அதை நாம் சுவரில் எழுதிவைத்திருக்கிறோம். அதே பேச்சில் உங்கள் மேல் நம்பிக்கை வையுங்கள் என்றும் சொன்னார், அதைச் சுவரில் எழுத மறந்துவிட்டோம். ஆயிரக்கணக்கில் கூடி உட்கார்ந்திருந்த ஒரு மக்களைப் பார்த்து அவர் அதைச் சொன்னார். நம்பிக்கை என்பது சேர்ந்து உட்கார்ந்தால் வருகிறது தோழர்களே. நாளைக்குச் சாயங்காலம் உங்கள் தெருப் படிப்பகத்தின் பூட்டைத் திறந்து பாருங்கள். பூட்டு துருப்பிடித்திருந்தால், வேலையை அங்கிருந்து தொடங்குங்கள்.

இதை ஒரு விவாதமாக உங்கள் முன் வைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள், பேசுவோம்.