துள்ளல் மெட்டில் ஒரு பிரிவுப் பாட்டு

(எமது வானொலியின் மாதாந்த உரை வரிசையில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



வழமையாக இந்த நேரத்தில் நான் பழைய திரைப்பாடல்களைப் பற்றித்தான் பேசுவேன். இன்று, நாங்கள் வாழும் இந்தச் சுவீடன் நாட்டுப் பாடகி ஒருவரைப் பற்றிப் பேசப்போகிறேன். எங்கள் வீட்டுக் கதையும் கொஞ்சம் வரும். மகளிடம் கேட்டு, அவள் சம்மதித்த பிறகுதான் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மகளுக்குக் கலியாணம் முற்றாகியிருந்தது. இருவரும் நாலு வருடம் பழகியவர்கள். மண்டபத்துக்கு முற்பணம் கட்டி, அழைப்பிதழும் அச்சடித்தாயிற்று. அந்த நேரத்தில் மாப்பிள்ளைப் பிள்ளை, தனக்கு வேறொரு பெண்ணில் விருப்பம் என்று சொல்லி விலகிக்கொண்டார். மனைவி மூன்று நாள் ஒழுங்காகச் சமைக்கவில்லை. தொலைபேசி அடித்தால் எடுக்க எனக்குப் பயம். நாலாம் நாள் இரவு, பேருந்து ஓட்டும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், மகளின் அறையிலிருந்து டும் டும் என்று பாட்டுச் சத்தம். எட்டிப் பார்த்தேன். பிள்ளை தனியே ஆடிக்கொண்டு நின்றாள்.

"வீடு செத்தவீடு மாதிரிக் கிடக்கு, உனக்கு ஆட்டமோ?" என்று கத்தினேன். அவள் திரும்பினாள். முகமெல்லாம் கண்ணீர். "அப்பா, பாட்டு என்ன சொல்லுது எண்டு கேட்டுப்போட்டு ஏசுங்கோ" என்றாள்.

அந்தப் பாட்டு ரொபின் என்ற பாடகியின் 'டான்சிங் ஒன் மை ஓன்'. 2010ஆம் ஆண்டு வெளிவந்தது. பற்றிக் பெர்கர் என்ற இசைக்கலைஞரோடு சேர்ந்து அவரே எழுதியது. மகள் எனக்கு ஒவ்வொரு வரியாகக் கருத்துச் சொன்னாள். ஒரு பெண் நடனக் கூடத்துக்குப் போகிறாள். அங்கே அவள் விரும்பியவன் வேறொருத்தியோடு நிற்கிறான். இவளை அவன் காணவில்லை. இவள் ஒரு மூலையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தபடி தனியே ஆடுகிறாள். கதை இவ்வளவுதான். சொல் முழுவதும் துயரம். ஆனால் அடியில் ஓடும் தாளமோ நிமிடத்துக்கு ஏறத்தாழ 117 அடி. கேட்பவரின் கால் சும்மா இராது.

நேயர்களே, இந்தப் பாடகி யார் என்று பிறகு தேடி வாசித்தேன். முழுப்பெயர் ரொபின் மிரியம் கார்ல்சன். 1979இல் ஸ்ரொக்கோமில் பிறந்தவர். தாய் தந்தையர் நாடகக் குழு நடத்தியவர்கள். அவர்கள் பிரிந்தபோது, அந்தப் பிரிவைப் பற்றிச் சிறுமியான ரொபின் தானே ஒரு பாட்டு எழுதினார். 1995இல், தமது 16ஆவது வயதில், முதல் இறுவட்டை வெளியிட்டார். 1997இல் அவருடைய இரண்டு பாடல்கள் அமெரிக்கத் தரவரிசையில் ஏழாம் இடம் வரை போயின. அவற்றில் ஒன்றை அவரோடு சேர்ந்து எழுதியவர், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற மாக்ஸ் மார்ட்டின்.

அந்த வயதில் அந்தப் புகழ் கிடைத்தால் நிறுவனம் சொல்வதைக் கேட்டு நடப்பதுதான் வழமை. ஆனால் 1999இல் வெளிவந்த இரண்டாவது இறுவட்டில், தாம் செய்துகொண்ட கருக்கலைப்பின் வேதனையைப் பாடியிருந்தார் ரொபின். அமெரிக்காவில் வெளியிட வேண்டுமானால் அதை மாற்ற வேண்டும் என்றது அங்குள்ள நிறுவனம். அவர் மாற்றவில்லை. அந்த இறுவட்டு அமெரிக்காவில் வெளிவரவேயில்லை.

அதற்குப் பிறகும் இழுபறிதான். 'தி நைஃப்' என்ற சுவீடன் இரட்டையர்களோடு சேர்ந்து செய்த ஒரு மின்னிசைப் பாட்டும் நிறுவனத்துக்குப் பிடிக்கவில்லை. ஈற்றில் ஒப்பந்தத்திலிருந்து விலகி, 2005இல் 'கோனிச்சிவா ரெக்கோர்ட்ஸ்' என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். வெளிநாட்டு விநியோகத்துக்குப் பெரிய நிறுவனங்களோடு சேர்ந்தார். ஆனால் எதைப் பாடுவது, எப்படிப் பாடுவது என்பதைத் தாமே தீர்மானித்தார். சுயாதீனக் கலைஞர் என்பதற்கு இதுதான் பொருள் என்று நான் விளங்கிக்கொள்கிறேன். முதல் வெளியீடாக வந்த இறுவட்டு சுவீடனில் முதலிடம் பிடித்தது. கிளேறுப் என்ற இசைக்கலைஞரோடு பாடிய பாடல் 2007 ஓகஸ்டில் பிரித்தானியாவில் முதலிடம் வந்தது. அதுவும் ஒரு பிரிவுப் பாட்டுத்தான். 2010இல் 'பொடி டோக்' என்ற தலைப்பில் மூன்று பகுதிகள் வெளியிட்டார். மகள் கேட்ட பாட்டு அதில் உள்ளது.

அதே பாட்டை 2016இல் கலம் ஸ்கொட் என்ற பிரித்தானியப் பாடகர் மெதுவாக்கிப் பாடினார். பிரித்தானியாவில் இரண்டாம் இடம் வரை போனது. நல்ல குரல். கேட்டால் கண் கலங்கும். ஆனால் அதைக் கேட்பவர் இருந்த இடத்திலேயே இருந்து அழுவார். ரொபினின் பாட்டைக் கேட்பவர் எழும்பி நிற்பார். சொல் ஒன்றுதான், தாளம்தான் வேறு.

இது எங்களுக்குப் புதிதா என்று யோசித்தேன். எங்கள் ஊரில் செத்தவீட்டில் பறை முழங்கும். சின்ன வயதில் அது எனக்கு விளங்கியதேயில்லை. உள்ளே ஒப்பாரி, முற்றத்தில் பறையா என்று நினைப்பேன். ஆனால் அழுதுகொண்டே சுடலை வரை நடக்க வேண்டும் அல்லவா? அந்த நடைக்கு ஒரு தாளம் வேண்டியிருந்தது. இதைத்தான் என் மகள் அன்றிரவு செய்துகொண்டிருந்தாள். நான் துக்கத்தை மதிக்காத பிள்ளை என்று ஏசினேன்.

நான் செய்த பிழை அதோடு நிற்கவில்லை. "பொடியன் மேல படிக்கிறார், கலியாணம் தள்ளிப்போயிருக்கு எண்டு ஆக்களுக்குச் சொல்லு" என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். நானும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். "நடந்ததை ஏனப்பா மாத்திச் சொல்லவேணும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் இருக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து உறவினர் வீட்டுக் கலியாணம். "நீ வரவேண்டாம் பிள்ளை, சனம் கதைக்கும்" என்றார் மனைவி. அவள் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். சாப்பாடு முடிந்து பாட்டுப் போட்டபோது இளம்பிள்ளைகளோடு ஆடவும் போனாள். வயதான அம்மா ஒருவர் அவளைக் கூப்பிட்டு, "உன்ர கலியாணம் ஏன் பிள்ளை தள்ளிப்போச்சு?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற எனக்கு வியர்த்துவிட்டது. "தள்ளிப்போகேல்லை அன்ரி, நிண்டுபோச்சு" என்றாள் மகள். அந்த அம்மா அவளுடைய கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இருத்தினார். வேறொன்றும் கேட்கவில்லை. நான் இரண்டு மாதமாகப் பயந்து ஒளித்தது அவ்வளவுதான்.

2019 மார்ச்சில் நியூயோர்க்கில் ரொபினின் நிகழ்ச்சி முடிந்து வந்தவர்கள், சுரங்க ரயில் மேடையில் நின்று இந்தப் பாட்டைச் சேர்ந்து பாடினார்கள். தனியே ஆடுவதைப் பற்றிய பாட்டை ஒரு கூட்டமே பாடியது. அந்த ஒளிப்பதிவை மகள்தான் எனக்குக் காட்டினாள்.

நேயர்களே, எங்கள் சமூகத்தில் ஒரு பிள்ளையின் கலியாணம் நின்றுபோனால், அவள் வீட்டுக்குள் இருந்து அழ வேண்டும் என்றே எதிர்பார்க்கிறோம். சிரித்தால் குற்றம், ஆடினால் அதைவிடக் குற்றம். அவள் எப்படி அழ வேண்டும் என்பதை அவளிடமே விட்டுவிடுங்கள் என்று பெற்றோரைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். மண்டபத்து முற்பணம் திரும்பி வரவில்லை. மகள் திரும்பி வந்தாள்.

நிகழ்ச்சித் தயாரிப்பாளர் இப்போது அந்தப் பாடலை ஒலிக்கவிடுவார். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக் கேளுங்கள்.