நான் கேட்கும் இசை

(காட்டுப்பாக்கத்தில் நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



வெள்ளி விழாவில் பேசவேண்டும் எனச் செயலாளர் அழைத்தபோது, தேர்வையும் வேலைவாய்ப்பையும் பற்றிய அறிவுரையே என்னிடம் எதிர்பார்க்கப்படும் என்று எண்ணினேன். தலைமையாசிரியனை வேறு எதற்கு அழைப்பார்கள்? ஆனால் அவரோ, "காலை நடையின்போது காதில் கருவியை மாட்டிக்கொண்டு என்ன கேட்கிறீர்கள் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அதையே பேசுங்கள்" என்றார். எளிய கேள்விதான். ஆயினும் இக்கேள்விக்கு நான் ஒருமுறை பொய் சொன்னவன். அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பி.எட். படித்த நாளில், விடுதி அறையில் ஓரிரவு, அவரவர்க்குப் பிடித்த இசை எதுவென்று பேச்சு வந்தது. என் முறை வந்ததும், "கருநாடக இசை" என்றேன். அன்று எனக்கு ஓர் இராகத்திற்கும் மற்றோர் இராகத்திற்கும் வேறுபாடு தெரியாது. எனக்குப் பிடித்தது எங்கள் தெருவில் திருவிழா இரவில் கேட்ட பறை. அதைச் சொன்னால் நான் எந்தத் தெருவிலிருந்து வந்தவன் என்பது அந்த அறைக்குத் தெரிந்துவிடும். ஒரு பாட்டைச் சொல்லவும் அஞ்சவேண்டிய நிலை வேறு எந்த நாட்டில் உண்டோ அறியேன்.

பொய் சொன்னவன் அதனை மெய்யாக்க முயன்றேன் என்பதையும் கூறவேண்டும். ஒலிநாடாக்களை இரவல் வாங்கிக் கேட்டேன். அப்படித்தான் எம். எம். தண்டபாணி தேசிகர் என் செவிக்குள் வந்தார். ஜெமினி நிறுவனத்தார் 1942இல் வெளியிட்ட 'நந்தனார்' படத்தில் நந்தனாராக நடித்துப் பாடியவர் அவர். இன்றும் அப்பாடல்களைக் கேட்கிறேன். அடிவயிற்றிலிருந்து எழுந்து மேல் ஸ்தாயியில் நடுங்காது நிற்கும் அக்குரலுக்கு ஒப்பாக நான் அறிந்தது சிலவே. ஆனால் கேட்கும்போதே ஒரு முள்ளும் தைக்கிறது. சேக்கிழாரின் பெரியபுராணத்தில், நந்தனாருக்கு விடுமுறை தர மறுக்கும் பண்ணை வேதியர் என்று ஒருவர் இல்லை. அவர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் 'நந்தன் சரித்திர'த்தில் படைத்த பாத்திரம். அப்படைப்பால் நம் பாட்டன்மார் பண்ணையில் பட்டபாடு மேடைக்கு வந்தது. அதற்கு நன்றி சொல்லலாம். ஆயினும் கதையின் முடிவு என்ன? தில்லைக்குள் செல்லவேண்டுமாயின் நந்தன் தீயில் மூழ்கித்தான் எழவேண்டும். தடுத்தவர்களுக்குத் தீக்குளியல் இல்லை. குரலை வணங்குகிறேன், முடிவை ஏற்கேன். இவ்விரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொண்டு கேட்பதில் தவறில்லை என்பது என் கருத்து.

இளையராஜாவைப் பற்றி நான் சொல்லி நீங்கள் அறியவேண்டியதில்லை. 1986இல் அவர் வெளியிட்ட, பாடகர் இன்றி வாத்தியங்களே பேசும் 'ஹவ் டு நேம் இட்' என்ற இசைத்தொகுப்பை மட்டும் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் கேட்டுப் பாருங்கள். சொற்கள் குறுக்கிடாமையால் படிப்பு கெடாது.

இனி மிருதங்கம். டி. எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்றோர் ஆங்கில நூலை வெளியிட்டார். அது மிருதங்கம் செய்வோரின் வரலாறு. பலா மரத்தைக் குடைந்து அதன் இரு முகங்களையும் மூட, பசுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் என மூன்றும் வேண்டும். அத்தோலைத் தேர்ந்து, பதப்படுத்தி, அறுத்து, வாரால் இழுத்துக் கட்டி, நாதம் கூட்டியவர்களில் மிகப் பலர் தலித் கிறித்தவர்கள். பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து தந்தவர் பர்லாந்து. ஐயரின் பெயர் சபாக்கள்தோறும் ஒலித்தது. பர்லாந்தின் பெயரை அந்நூலைப் படிக்கும்வரை நான் கேட்டதில்லை. இப்போது தனி ஆவர்த்தனம் கேட்கும்போதெல்லாம், வாசிப்பவர் கையோடு அத்தோலை இழுத்துக் கட்டிய கையையும் சேர்த்தே கேட்கிறேன்.

தோல் என்றதும் பறைக்கு வந்துவிட்டோம். இன்று நான் மிகுதியாகக் கேட்பது அதுவே. மூன்று மரத்துண்டுகளை இணைத்த வட்டச் சட்டம். அதன்மேல் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய மாட்டுத்தோல். மெலிந்து நீண்ட சிண்டுக்குச்சி ஒரு கையில், குட்டையான அடிக்குச்சி மறு கையில். இவ்வளவே கருவி. இளைஞர்களே, முதலில் இரு குச்சிகளின் ஓசையையும் தனித்தனியே பிரித்துக் கேட்கப் பழகுங்கள். பிறகு சாமிக்கு அடிக்கும் அடி எது, சாவுக்கு அடிக்கும் அடி எது, ஊர்வலத்திற்கு உரியது எது என்பது தானே விளங்கும். "வெறும் சத்தம்" என்று இதனைத் தள்ளியவர்கள் காது கொடுத்துக் கேட்டதில்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் சேர்த்து எண்ணுகிறது.

ஆனால் இத்தகைய பெருமையை மட்டும் பேசி அமர்ந்துவிட்டால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நான் துரோகம் செய்தவனாவேன். என் பாட்டனார் பறையடித்தவர். அவருக்கு அது கலையாக வாய்க்கவில்லை. பிறர் வீட்டு இழவிற்கு, காய்ச்சலில் கிடந்தாலும், அழைத்தால் போயாகவேண்டும், போகாவிட்டால் உதை. ஒருநாள் அவர் பறையை அடுப்பில் வைத்தார் என்று என் தந்தையார் சொல்வார். அதன்பின் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லையே யாரும் எடுத்ததில்லை. இது ஒரு வீட்டுக் கதையன்று. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பகுதிகளில் இக்கட்டாயத்தை எதிர்த்துப் போராடியவர் எல். இளையபெருமாள் அவர்கள். பின்னர் 1965இல் மைய அரசு அமைத்த தீண்டாமை பற்றிய குழுவிற்குத் தலைமையேற்று, 1969இல் அறிக்கை அளித்தவரும் அவரே. அடிக்கமாட்டேன் என்று குச்சியைக் கீழே போட்டவர்கள் போட்டதனால்தான் நாம் பள்ளிக்கூடம் போனோம்.

ஆகவே, இவ்விழாவில் மாணவர்கள் பறை இசைக்கட்டும் என்ற எண்ணம் செயற்குழுவில் எழுந்தபோது மூத்தவர்கள் சிலர் கொதித்தார்கள். "இருபத்தைந்து ஆண்டு படிக்கவைத்தது மறுபடியும் இதைக் கையில் கொடுக்கவா?" என்று ஒருவர் கேட்டார். அக்கேள்வியை நான் மதிக்கிறேன். இளைஞர்கள் தரப்பிலும் நியாயம் இருந்தது. 2018 சனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர் கானாவையும் பறையையும் மேலைக் கருவிகளோடு ஒரே மேடையில் முழக்கியதை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். பண்டித அயோத்திதாசரின் 'சாதிபேதமற்ற' என்னும் சொல்லினின்று பெயர்பெற்ற குழு அது. சபாக்களின் மார்கழியில் 'மார்கழியில் மக்களிசை' 2020இல் தொடங்கியதையும், மதுரை வேலு ஆசான் அவர்கள் பறையிசைக்காக 2025இல் பத்மஸ்ரீ பெற்றதையும் சொன்னார்கள். விருது வந்துவிட்டதனால் ஊர்ப்புறத்துக் கட்டாயம் ஒழிந்துவிட்டது என்று பொருளன்று என்பதை நான் குறுக்கிட்டுச் சொன்னேன்.

இரண்டு கூட்டங்கள் இதிலேயே கழிந்தன. இறுதியில் முடிவு இவ்வாறு எழுதப்பட்டது: பறை கற்க விரும்பும் பிள்ளைகள், ஆணும் பெண்ணும், சங்கக் கட்டடத்தில் கற்கலாம், விரும்பாத பிள்ளையை எவரும் வற்புறுத்தலாகாது, சாதியைச் சொல்லி எவர் அழைத்தாலும், எவ்வளவு கூலி தந்தாலும், எந்த இழவு வீட்டிற்கும் குழு போகாது. கொதித்த பெரியவரே மூன்றாவது வரியைத் தம் கையால் எழுதிச் சேர்த்தார். அவர் இன்று முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவர் மனம் முழுதும் மாறிவிட்டதாக நான் சொல்லவில்லை, அவரும் சொல்லமாட்டார்.

என் மகள் கைப்பேசியில் எனக்காகச் சேர்த்துவைத்த பட்டியலில் தேசிகரை அடுத்துப் பறை வருகிறது. அதனை அடுத்து மணி ஐயர் வாசிப்பு. அதன்பின் எனக்குப் பாதி விளங்கியும் விளங்காமலும் அறிவு பாடும் பாட்டு. பூந்தமல்லி நெடுஞ்சாலையின் இரைச்சலில் சொற்கள் பல நழுவிவிடுகின்றன. மாணவர்கள்தாம் விளக்கம் சொல்கிறார்கள். அவ்வகுப்பில் நான் கடைசி பெஞ்சு.

மேடைக்குப் பின்னே வைக்கோல் எரியும் வாடை வருகிறது. பிள்ளைகள் தோலைக் காய்ச்சி வைத்துவிட்டார்கள். நான் மேலும் பேசினால் சூடு ஆறித் தோல் தளர்ந்துவிடும். மறுபடியும் தீ மூட்டவேண்டிவரும்.