யாருமே போடாத சாலை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் பண்ணி, "நீங்க போட்ட ஏதாவது ஒரு ரோட்டைப் பத்திப் பேசுங்க" என்றார். நான் போட்ட ரோட்டில் தினமும் போய் வருகிறவர்கள் இந்த அரங்கத்திலேயே இருக்கிறார்கள். வம்பு எதற்கு? அதனால் யாருமே போடாத ஒரு ரோட்டைப் பற்றிப் பேசுகிறேன்.

வேலை விஷயமாக இரண்டு வருடம் அமெரிக்காவில், அட்லாண்டாவில் இருந்தேன். ஒரு விடுமுறை நாளில் கூட வேலை பார்த்த நண்பர் வட கரோலினா மலைப்பக்கம் காரில் கூட்டிப்போனார். போன ஊருக்குப் பெயர் பிரைசன் சிட்டி. பெயரில்தான் சிட்டி, பார்த்தால் நம்ம ஊர்ப் பேரூராட்சி அளவுகூட இல்லை. அங்கிருந்து ஒரு மலைச்சாலை கிளம்புகிறது. இரண்டு பக்கமும் காடு, நடுநடுவே கீழே ஃபோண்டானா ஏரி. அருமையான சாலை. ஆறேழு மைல் போனதும் தடுப்பு போட்டு நின்றுவிடுகிறது. இறங்கி நடந்தால் 1,200 அடி நீளத்துக்கு ஒரு சுரங்கப்பாதை. உள்ளே விளக்கு கிடையாது, டார்ச் அடித்துக்கொண்டு போனோம். அந்தப் பக்கம் வெளியே வந்தால் ரோடு இல்லை சார்! ஒற்றையடிப் பாதைதான் காட்டுக்குள் போகிறது. திரும்பி வரும்போது உள்ளூர்க்காரர்கள் வைத்த பலகையை நண்பர் காட்டினார். எங்கேயும் போகாத சாலை, உடைந்த வாக்குறுதி என்று எழுதி, 1943 என்று போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததைச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போர் சமயம். விமானம் செய்ய அலுமினியம் வேண்டும், அலுமினியத்துக்கு மின்சாரம் வேண்டும். டி.வி.ஏ. என்கிற டென்னிசி பள்ளத்தாக்கு ஆணையம் லிட்டில் டென்னிசி ஆற்றின் குறுக்கே 1942 ஜனவரியில் அணை கட்ட ஆரம்பித்து, 1944 நவம்பரில் தண்ணீரைத் தேக்கிவிட்டது. 480 அடி உயர அணை, மூன்று வருடத்துக்குள்! இந்த வேகத்தை நம்ம ஆட்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் ஏறியதும் ஸ்வெயின் கவுண்டியின் 288ஆம் எண் சாலை முழுகிப் போயிற்று. கவுண்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி. ஏரியின் வட கரையில் இருந்த குடும்பங்களுக்கு வெளியே போக அதுதான் வழி. நிலத்தை வாங்கிக்கொண்டு அவர்களை வெளியேற்றினார்கள். சுமார் 44,000 ஏக்கர் கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் தேசியப் பூங்காவோடு சேர்ந்தது. அதற்கு ஈடாக 1943 ஜூலையில் ஓர் ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டவர்கள் நான்கு பேர்: டி.வி.ஏ., மத்திய உள்துறை, மாநில அரசு, கவுண்டி. போர் முடிந்ததும் வட கரையோரமாகப் பூங்காவுக்குள்ளே முப்பது மைல் சொச்சத்துக்குப் புதுச் சாலை போட்டுத் தருகிறோம் என்றார்கள். அங்கே உள்துறை என்பது போலீஸ் இல்லை, பூங்காக்களையும் அரசு நிலங்களையும் பார்க்கிற துறை.

ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி. போருக்குப் பிறகு, இந்த வேலைக்கென்று நாடாளுமன்றம் பணம் ஒதுக்கும்போது என்று. தம்பிகளா, டெண்டர் படிக்கும்போது எழுத்து எங்கே பொடிசாகிறதோ அங்கே கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் யார் வேண்டுமானாலும் படித்துவிடுவார்கள்.

முழுகிப்போன 288ஆம் சாலையைப் போட கவுண்டி கடன் வாங்கியிருந்தது. சாலை ஏரிக்கு அடியில், தவணை மட்டும் தலைக்கு மேலே. பல வருடம் கட்டியிருக்கிறார்கள்.

1940களின் கடைசியில் அணைப்பக்கம் ஒரு மைல், 1960களில் பிரைசன் சிட்டி பக்கம் நான் போய்ப் பார்த்த பகுதி. சுரங்கத்தைக் குடைந்து முடித்தார்கள். அதற்கப்புறம்தான் பாறை பேசியது. அந்த மலையில் அனகீஸ்டா என்று ஒரு பாறை வகை. அதில் பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். மலைக்குள்ளே கிடக்கிற வரை சாது. வெட்டி வெளியே போட்டு, காற்றும் மழையும் பட்டால் கந்தக அமிலம் கசிய ஆரம்பிக்கும். ஓடையில் மீன் பிழைக்காது. இது வெறும் பயம் இல்லை. அதே பூங்காவில் 1963இல் வேறொரு சாலை வேலையில் இந்தப் பாறையைக் கொட்டி மேடு கட்டி, ஓடையில் மீன்கள் செத்திருந்தன. மலைச்சாலை என்றாலே ஒரு பக்கம் வெட்டி மறு பக்கம் கொட்டுவதுதானே? வெட்டுகிற கல்லே விஷம் என்றால் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? செலவும் ஏறியது. 1970களின் தொடக்கத்தில் வேலை நின்றது. அதோடு சரி.

பிறகு முப்பது வருடம் இழுபறி. காட்டைத் தொடாதே என்று ஒரு கட்சி, கொடுத்த வாக்கைக் காப்பாற்று என்று ஒரு கட்சி. 2000இல் நாடாளுமன்றம் 1.6 கோடி டாலர் ஒதுக்கி ஆய்வு நடந்தது. முழுச் சாலைக்கு ஏறத்தாழ 60 கோடி டாலர் ஆகும் என்று கணக்கு வந்தது. 2010இல், சாலைக்குப் பதிலாக ஸ்வெயின் கவுண்டிக்கு 5.2 கோடி டாலர் தருவதென்று முடிவானது. அதிலும் 1.28 கோடி உடனே வந்தது. மிச்சத்துக்குக் கவுண்டி வழக்குப் போட வேண்டியிருந்தது. கடைசித் தவணை வந்து சேர்ந்தது 2018இல். 1943இல் கைக்குழந்தையாக வெளியேறியவருக்கு அப்போது எழுபத்தைந்து வயது.

ஓர் என்ஜினீயராகக் கேட்டால், சாலை வராததே நல்லது என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தக் காட்டுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட மயானங்கள் இருக்கின்றன. சாலை கேட்டவர்களில் பல பேர் உல்லாசப் பயணத்துக்காகக் கேட்கவில்லை. அப்பன் ஆத்தா சமாதிக்குப் போகக் கேட்டார்கள். இப்போதும் கோடை நாட்களில் பூங்காத் துறை படகு விடுகிறது. பூவும் சாப்பாடும் எடுத்துக்கொண்டு ஏரியைக் கடந்து, அப்புறம் மலையேறி, சமாதியைச் சுத்தம் செய்து பூ வைத்து, பாட்டுப் பாடி, அங்கேயே சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். அவர்களிடம் போய் நான் பைரைட் பாடம் நடத்த முடியுமா?

இது என்னை ஏன் உறுத்துகிறது என்றால், வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு மலைக் கிராமத்துக்கு சர்வே எடுக்கப் போனேன். ஒரு பாட்டி சொம்பு நிறைய மோர் கொடுத்து, "ரோடு எப்ப தம்பி வரும்?" என்று கேட்டார். "ரெண்டே வருஷம் பாட்டி" என்றேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. மோர் நன்றாக இருந்தது, சொல்லிவிட்டேன். வழியில் பாதி தூரம் காப்புக்காடு. அனுமதி கிடைக்கவில்லை, பைல் மூடப்பட்டது. போய் அந்தப் பாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லணும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

போன வருடம் போனேன். பாட்டி இல்லை. மகன் இருந்தார். அடையாளம் தெரிந்துவிட்டது அவருக்கு. "ரெண்டு வருஷம்னு சொன்ன தம்பிதானே?" என்றார்.

இப்போது யாராவது கேட்டால், "சர்வேதான் முடிஞ்சிருக்கு. வனத்துறை ஒத்துக்கணும், பணம் ஒதுக்கணும். வராமலும் போகலாம்" என்று சொல்கிறேன். இப்படிச் சொன்னால் பல வீடுகளில் மோர் கிடைப்பதில்லை.

நேரம் ஆகிவிட்டதென்று செயலாளர் இரண்டாவது சீட்டு அனுப்பிவிட்டார். சாப்பாடு தயாராம்.