நம் ஊர்ப் பெயரும் நம் பெயர்களும்

(ஜூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

படிப்புக்கும் வேலைக்கும் வெளியூர் போகும் நம் பிள்ளைகளிடம் "எந்த ஊர்?" என்று கேட்கிறார்கள். "சாத்தான்குளம்" என்றதும் கேட்டவர் சிரிக்கிறார். "சாத்தானுக்குக் குளம் வெட்டிய ஊரிலா கோயில் கட்டியிருக்கிறீர்கள்?" என்று கேலியும் எழுகிறது. கூச்சப்பட்டு, "திருச்செந்தூர் பக்கம்" என்று சொல்லி நழுவிக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. ஊர்ப் பெயரை மாற்றிவிட்டால் என்ன என்று கேட்கும் பெரியவர்களும் உண்டு. இந்த ஜூபிலி ஆண்டில் நாம் இதற்கு விடை காண வேண்டாமா?

வேதாகமத்தில் வரும் 'சாத்தான்' எபிரேயச் சொல். 'எதிராளி' என்பது அதன் பொருள். நம் முன்னோர் தங்கள் ஜெபங்களில் 'பசாசு' என்றே பெரிதும் சொல்லி வந்தார்கள். தமிழிலோ 'சாத்தன்' என்பது மிகப் பழைய ஆட்பெயர். மணிமேகலை பாடிய புலவர் சீத்தலைச் சாத்தனார். இலக்கண உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுக்கு ஓர் ஆள் வேண்டுமென்றால் சாத்தனையும் கொற்றனையும்தான் அழைப்பார்கள். இன்று நாம் முருகன், அந்தோணி என்று சொல்வதுபோல அன்று சாத்தன்! 'சாத்து' என்றால் வணிகர் கூட்டம். கோவலனின் தந்தை மாசாத்துவான் பெருவணிகர் அன்றோ? நம் நெல்லைச் சீமையில் சாஸ்தாவைச் சாத்தன் என்று வழங்குவதும் உண்டு. சாத்தனூர், சாத்தமங்கலம் என்று தமிழகமெங்கும் ஊர்கள் இருக்கின்றன. நம் ஊரும் அந்தக் குடும்பத்துப் பிள்ளையே. ஓசை ஒத்துப்போனதால் இரண்டு சொல்லும் ஒன்றாகிவிடாது. ஆகவே நம் பிள்ளைகள் தலைகுனிய வேண்டியதில்லை.

ஊர்ப் பெயரைத் தாங்குவதும் சிறுமையன்று. புனித பிரான்சிஸ் சவேரியாரின் 'சவேரியார்' எங்கிருந்து வந்தது? ஸ்பெயின் நாட்டு நவார்ராவில் அவர் பிறந்த ஊரும் கோட்டையுமே 'ஹவியேர்'. பாஸ்கு மொழியில் அதற்குப் 'புதிய வீடு' என்று பொருள். உலகமே வணங்கும் அந்தப் பெயரும் ஓர் ஊர்ப் பெயர்தான்!

அவர் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது தமிழ் அறியார். இரு மொழியும் தெரிந்த நம் மக்களை அருகில் வைத்துக்கொண்டு ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணி அடித்துச் சிறுவரைக் கூட்டிக் கற்பித்தார். அவருக்குப் பின் வந்த அன்றிக் அடிகளார் புன்னைக்காயலில் தங்கித் தமிழை முறையாகக் கற்று, போர்த்துக்கீசிய மொழியில் தமிழ் இலக்கணம் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் அச்சான அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கமே உள்ள சிறு நூல். ஆனால் இந்திய மொழிகளுள் முதன்முதலில் தன் சொந்த எழுத்தில் அச்சேறியது தமிழே என்ற பெருமையை அது தேடித் தந்தது.

எழுத்தைப் பற்றியும் ஒரு சொல். பழைய ஓலைகளில் புள்ளி வைப்பதில்லை. ஆகையால் எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் ஒன்றுபோலவே இருக்கும். 'கொடி' என்று படிப்பதா, 'கோடி' என்று படிப்பதா? இடம் பார்த்துத்தான் அறிய வேண்டும். வடக்கன்குளத்திலும் காமநாயக்கன்பட்டியிலும் உழைத்த வீரமாமுனிவர் குறிலுக்கு ஒற்றைக் கொம்பு, நெடிலுக்கு இரட்டைச் சுழிக் கொம்பு என்று பிரித்துக் காட்டினார். இன்று முதல் வகுப்புக் குழந்தை 'தேன்' என்று தடுமாறாமல் எழுதுவது அந்தத் திருத்தத்தின் பயன். பக்கத்து இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர் 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். மொழி ஆராய்ச்சிக்கு நம் தேரிக்காட்டு மண்ணும் விளைநிலமாக இருந்திருக்கிறது!

இனி நம் வீட்டுப் பெயர்களுக்கு வருவோம். 'சூசை' போர்த்துக்கீசிய ஜோசே. 'இஞ்ஞாசி' இனாசியோ. 'சந்தியாகு' சாந்தியாகோ, அதாவது புனித யாகப்பர். அயல்மொழிச் சொல் தமிழ் ஓசைக்கு ஏற்பத் திரிந்து வழங்குவது நம் இலக்கணம் ஒப்பும் முறையே. 'சவரிமுத்து' என்னும்போது சவேரியாரோடு நம் கடல் முத்தும் சேர்ந்துகொள்கிறது. வேறு சில பெயர்களில் ஓசையை விட்டுப் பொருளைத் தமிழாக்கினார்கள். பவுல் என்றால் இலத்தீனில் 'சிறியவர்'. ஆகவே சின்னப்பர். யோவான் என்றால் எபிரேயத்தில் 'ஆண்டவர் அருள்கூர்ந்தார்'. ஆகவே அருளப்பர். யோசேப்பு என்ற பெயரில் பெருக்கம் என்னும் பொருள் இருப்பதால் தேம்பாவணியில் அவர் 'வளன்' ஆனார்.

பெயர் காலத்தையும் காட்டும். பிரான்சு நாட்டு லூர்து நகரில் மாதா காட்சி தந்தது 1858-இல். ஆகவே 'லூர்து', 'லூர்தம்மாள்' என்ற பெயர்கள் நம் குடும்பங்களில் அதற்குப் பின்னரே வந்திருக்க முடியும். இப்படிப் பார்த்தால் ஞானஸ்நானப் புத்தகமே ஒரு சரித்திர நூல்.

ஆனால் அந்தச் சரித்திரம் நம் கண்முன்னே மறைந்துகொண்டிருக்கிறது. கோயிலில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் வேறொரு பெயர். பாட்டனார் சூசை, பேரனின் பெயருக்கோ பொருள் கேட்டால் பெற்றோருக்கே தெரியவில்லை. காதுக்கு இனிமையாக இருக்கிறது என்பது மட்டும் போதுமா? புதுப்பெயர் கூடாதென்று நாம் சொல்லவில்லை. சூசை என்பதும் இந்தக் கரையில் ஒருநாள் புதுப்பெயராக இருந்ததுதான். பொருள் தெரிந்து வைப்போம், ஏன் வைத்தோம் என்று பிள்ளைக்குச் சொல்வோம் என்பதே நம் வேண்டுகோள்.

எனவே இந்த ஜூபிலி ஆண்டில் நாம் செலவில்லாத ஒரு வேலை செய்வோம். ஒவ்வொரு குடும்பத்திலும் முதியோரை உட்கார வைத்து, நான்கு தலைமுறைப் பெயர்களையும், அவை யார் நினைவாக வைக்கப்பட்டன என்பதையும் கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வைப்போம். ஓலையில் இடாத புள்ளியை வாசிப்பவர் ஊகிக்கலாம். எழுதாமல் விட்ட பெயரை யார் ஊகிக்க முடியும்? முதியோர் நம்மோடு இருக்கும்போதே கேட்டுக்கொள்வோம்.

நாளை நம் பிள்ளையிடம் "எந்த ஊர்?" என்று கேட்டால், "சாத்தான்குளம்" என்று நிமிர்ந்து சொல்லட்டும். சிரிப்பவருக்குச் சாத்தனாரின் கதையையும் சேர்த்துச் சொல்லட்டும்.