அரசனுக்கும் ஆண்டிக்கும் ஒரே பாட்டு
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

பாட்டும் கூத்துமாக மகிழ்ந்திருக்கும் இந்த மாலையில் சாவைப் பற்றிப் பேசுவது தகுமா என்று சிலர் எண்ணக்கூடும். திருமணத்திற்கு ஆறு திங்கள் முன்னரே மண்டபம் பார்க்கிறோம். காதணி விழாவிற்கு ஒரு திங்கள் முன்னரே அழைப்பிதழ் அச்சிடுகிறோம். சாவு ஒன்றுதான் நம்மிடம் நாள் கேட்டு வருவதில்லை. முன்னேற்பாடு மிகுதியும் வேண்டியது அதற்கேயாம். ஆதலின், இறந்தோரை வழியனுப்பும் பாட்டுகளைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறோம்.

முதலில் கடல் கடந்து ஒரு காட்சியைக் காண்போம். 2021-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள், இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டையிலுள்ள புனித ஜார்ஜ் ஆலயத்தில், எலிசபெத் அரசியாரின் கணவர் பிலிப் இளவரசருக்கு இறுதி வழிபாடு நடைபெற்றது. கொரோனா நோய் உலகையே ஆட்டிப் படைத்த காலம் அது. எனவே 30 பேர்க்கு மேல் அங்கு இடமில்லை. வந்தவர்கள் வாய்விட்டுப் பாடவும் இசைவில்லை. அரசியார் ஓர் இருக்கையில் தனியே அமர்ந்திருந்தார். பெருங்குழுவினர் பாடவேண்டிய அவ்வாலயத்தில் அன்று பாடியவர் நால்வரே. அந்நால்வரும் பாடியவற்றுள் ஒன்று ஆங்கிலத் திருச்சபைக்கு உரிய பாட்டன்று. கிரேக்கமும் உருசியமும் போற்றும் ஆர்த்தடாக்ஸ் என்னும் கீழைத் திருச்சபையின் இரங்கற் பாட்டு. ‘கொன்டாக்கியன்’ என்பது அதன் பெயர். ஓலையை ஏடு என்றும் சுவடி என்றும் நாம் சொல்வது போல, தோற்சுருளைச் சுற்றி வைக்கும் கோலின் பெயரால் அங்கே பாட்டுக்குப் பெயர் அமைந்தது.

அப்பாட்டு அங்கே ஏன் ஒலித்தது? பிலிப் இளவரசர் 1921-இல் கிரேக்க நாட்டின் கார்ஃபூ தீவில், கிரேக்க அரச குடும்பத்தில் பிறந்தவர். கீழைத் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்றவர். அவருடைய அன்னையார் பிற்காலத்தில் துறவுடை பூண்டு வாழ்ந்தவர். 1947-இல் மணம் புரியுமுன் அவர் ஆங்கிலத் திருச்சபையில் சேர்ந்தார். ஆயினும், 99 வயது வரை வாழ்ந்து மறைந்த அம்முதியவரைப் பிறந்த மரபின் பாட்டே இறுதியில் வந்து வழியனுப்பியது. புலம் பெயர்ந்து வாழும் நமக்கு இது புரியாத செய்தியன்று.

அடுத்த ஆண்டு, 2022 செப்டம்பர் 19-ஆம் நாள், அதே ஆலயத்தில் அரசியாரின் அடக்க வழிபாட்டிலும் அப்பாட்டு ஒலித்தது. இம்முறை ஆலயம் நிறைந்திருந்தது. உருசியத் திருச்சபையை நன்கு அறிந்த பிர்க்பெக் என்னும் அறிஞர் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். கீவ் நகர மரபிசையை, விண்ட்சர் ஆலயத்தின் இசைத் தலைவராக விளங்கிய வால்ட்டர் பேரட் அமைத்துக் கொடுத்தார். 1906-இல் வெளிவந்த ஆங்கிலப் பாமாலைத் தொகுப்பிலும் அது இடம் பெற்றது.

அதன் கருத்து மிக எளியது. ‘இறைவா, உன் அடியார்க்கு இளைப்பாறுதல் தருக. நோயும் துயரும் பெருமூச்சும் இல்லாத இடத்தில் அவரைச் சேர்ப்பாயாக. நீ ஒருவனே சாவாதவன். நாங்கள் மண்ணால் ஆனோம், மண்ணுக்கே மீள்கிறோம். ஆயினும் கல்லறையருகே அழும்போதும் உன்னைப் போற்றியே பாடுகிறோம்’ என்பதே அது. இதில் இறந்தவர் நாடாண்டார் என்றோ நல்ல போர் செய்தார் என்றோ ஒரு சொல்லும் இல்லை. கீழைத் திருச்சபையில் உழவன் இறந்தாலும் இதுவே பாட்டு. பேரரசன் இறந்தாலும் இதுவே பாட்டு. புகைவண்டியில் வகுப்புகள் பல உண்டு. இப்பாட்டில் வகுப்பு ஒன்றே.

இனி நம் வீட்டிற்கு வருவோம். வேந்தர் இறந்தால் பாடும் பாட்டு தமிழில் இல்லையா? ஈராயிரம் ஆண்டுகளாக உண்டு. தொல்காப்பியம் கூறும் ‘கையறுநிலை’ அதுவே. பாரி மறைந்தபின் அவன் மகளிர் பாடியதும், அதியமான் வீழ்ந்தபோது ஔவையார் பாடியதும் புறநானூற்றில் உள்ளன. கல் நெஞ்சையும் கரைக்கும் பாட்டுகள் அவை. ஆனால் பாரிக்குப் பாடியதைப் பிறிதொருவர்க்குப் பாட இயலாது. நம் தாய்மார் பாடும் ஒப்பாரியும் அத்தகையதே. அது அவரவர் துயரம். அந்தந்த வீட்டின் கண்ணீர்.

இறந்தான் என்று சொல்லாமல் ‘துஞ்சினான்’ என்று சொன்னவர் நம் முன்னோர். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்றே ஒரு சோழனுக்குப் பெயர். துஞ்சுதல் என்றால் உறங்குதல். இளைப்பாறுதல் தருக என்று அப்பாட்டு வேண்டுவதைத் தமிழ் ஒரு சொல்லிலேயே வைத்துவிட்டது.

அப்படித் துஞ்சிய சோழ வேந்தன் ஒருவன் நம் பக்கத்திலேயே இருக்கிறான். திருக்காளத்திக்கு அருகில் தொண்டைமானாடு என்னும் ஊர் உள்ளது. பல்லவரை வென்று சோழ நாட்டைப் பெருக்கிய முதலாம் ஆதித்தன் ஏறத்தாழ 907-இல் அங்கே மறைந்தான். அவன் மகன் முதலாம் பராந்தகன் அவ்விடத்தில் சிவன் கோயில் எடுத்தான். இத்தகைய கோயிலைப் பள்ளிப்படை என்பர். வேடர் கண்ணப்பர் தொண்டு செய்த மலைக்கு அருகிலேயே வேந்தனும் துயில்கிறான். நமக்குத் தெற்கே திருவல்லத்தில் உள்ள ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவர் கல்வெட்டு, கோயிலில் திருப்பதியம் பாடுவார்க்கு நெல் ஒதுக்கியதைக் கூறுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் திருப்பதியம் பாட 48 பேரையும், உடன் முழக்க இருவரையும் அமர்த்தி, ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் அளித்தான். பாட்டுக்கு ஆள் வேண்டும், ஆளுக்கு ஏற்பாடு வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

எல்லார்க்கும் பொதுவான வழியனுப்புப் பாட்டு நம்மிடமும் உண்டு. மாணிக்கவாசகரின் திருவாசகத்தில் 20 பாடல்கள் கொண்ட திருப்பொற்சுண்ணம் அது. இறைவன் நீராடுதற்குரிய நறுமணப் பொடியை மகளிர் உரலிலிட்டு இடித்துக்கொண்டே பாடுவதாக அமைந்தது. மாலை தொங்கவிடுதல், முளைக்குடம் வைத்தல், விளக்கேற்றுதல் என்று அத்தனையும் மங்கலச் செய்திகள். அதனையே சைவ மரபினர் பலர் சாவு வீட்டில் பாடுகின்றனர். யாழ்ப்பாணத் தமிழரிடையே இவ்வழக்கம் ஆழ வேரூன்றியுள்ளது. உரலில் சுண்ணம் இடித்து, அதனை இறந்தவர்க்குச் சாத்தி வழியனுப்புவர். அழுகைக்கு நடுவே விழாப் பாட்டு! கல்லறையருகே நின்று போற்றிப் பாடும் கீழைத் திருச்சபையார் கருத்தும், திருப்பொற்சுண்ணம் பாடும் நம்மவர் கருத்தும் ஓரிடத்தில் வந்து கூடுவதைக் காண்க.

வைணவ இல்லங்களில் திவ்வியப் பிரபந்தம் ஓதுவர். உயிர் வானேறும்போது மேலுலகத்தார் எதிர்கொண்டு வரவேற்கும் காட்சியை நம்மாழ்வார் திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் பாடியிருக்கிறார். கிறித்தவ அன்பர்கட்கும் தம் தமிழ்ப் பாமாலைகள் உள்ளன.

பாட்டுகள் உள்ளன, பாடுவோர் எங்கே? இதுவே நாம் இங்கு எழுப்ப வந்த வினா. சில ஆண்டுகட்கு முன் நம் காலனியில் ஒரு முதியவர் மறைந்தார். தமக்குத் திருவாசகம் பாட வேண்டும் என்பது அவர் விருப்பம். நூல் அவர் அலமாரியிலேயே இருந்தது. உறவினர் மறுநாள் காலைதான் வந்து சேர இயலும். தெலுங்குப் பள்ளியில் பயின்ற பேரப் பிள்ளைகள் நூலைப் புரட்டிப் பார்த்து வைத்துவிட்டனர். ஓர் இளைஞர் பரிவோடு கைப்பேசியில் ஒலிப்பதிவைத் தேடி ஒலிக்கச் செய்தார். பாட்டின் நடுவே சோப்பு விளம்பரம் ஒன்று பாய்ந்து வந்தது. அவர் பதறி அதனை நிறுத்தினார். அந்த அம்மையார் தலை நிமிராமல் அமர்ந்திருந்தார். எவரையும் குறை கூற இடமில்லை. கருவி தன் வேலையைச் செய்தது. ஆனால் துயர வீட்டில் வேண்டியது ஒலி மட்டுமன்று. அருகில் வந்து நிற்கும் மனிதனின் குரல்.

ஆதலின் ஒரு வேண்டுகோள். வெள்ளிதோறும் மாலை அரை மணி நேரம் சங்கக் கூடத்தில் ஒன்று கூடுவோம். வாரத்திற்கு ஒரு பாடல் என்றால் இருபது வாரத்தில் திருப்பொற்சுண்ணம் நிறைவுறும். தமிழெழுத்து அறியாத பிள்ளைகட்கு முதலில் தெலுங்கு எழுத்தில் எழுதிக் கொடுப்போம். நாவில் ஏறிய தமிழ் பின்னர்க் கண்ணிலும் ஏறும். வைணவ அன்பர்களும் கிறித்தவ அன்பர்களும் தத்தம் பாட்டுகளுக்கு அவ்வாறே செய்யட்டும். சாவுக்கென்று மட்டும் பயில வேண்டுவதில்லை. திருப்பொற்சுண்ணம் கோயில் விழாவிலும் ஒலிப்பதே.

இராசராசனைப் போல் நாற்பத்தெட்டுப் பேரை அமர்த்த நம்மால் ஆகாது. விண்ட்சரில் ஓர் இளவரசரை வழியனுப்பப் பாடியவர் நால்வரே. நம் காலனியில் எந்த வீட்டு வாயிலிலும் அழைத்தவுடன் வந்து நிற்கும் நான்கு குரல்கள் இருந்தால் போதும். அடுத்த ஆண்டு விழாவிற்குள் அந்நால்வரை இச்சங்கம் உருவாக்கித் தர வேண்டும் என்று கேட்டு அமைகின்றோம். வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!