கணினிப் பட்டமும் தொழில்வாழ்வும்



தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று வடபுலம் வந்தோரின் வழித்தோன்றல்கள் நம்மிற் பலர். இன்று நம் பிள்ளைகள் நாடுவது பி.சி.ஏ. என்னும் கணினிப் பயன்பாட்டுப் பட்டம். பொறியியல் கிட்டாதோரின் புகலிடமென்று அதனை இகழ்தல் தகாது. நிரலெழுதுதல், தரவுத்தளம், இயக்க அமைப்பு, வலையமைப்பு எனத் தொழிலுக்கு வேண்டுவனவற்றையே அது பயிற்றுகிறது. மேற்படிப்பான எம்.சி.ஏ.வும் 2020-21 முதல் 3 ஆண்டுகளினின்று 2 ஆண்டுகளாகக் குறைந்துள்ளது. அதில் சேரப் பல கல்லூரிகள் கணிதம் கேட்பதால், பிளஸ் டூவில் கணிதத்தைக் கைவிட வேண்டா.

நேர்முகம் காண்போர் மதிப்பெண்ணோடு அமையார். நிரலொன்றை எழுதிக் காட்டுமாறு கேட்பர். இறுதிப் பருவத் திட்டப்பணியைக் கடையில் விலைக்கு வாங்கியவன் அங்கே வாயடைத்து நிற்பான். ஆதலின், சிறிதாயினும் அதனைத் தம் கையாலேயே செய்து முடிக்க நம் மக்களைப் பழக்குவோம். பட்டம் வாயிலைத் திறக்கும். பயின்ற கையே உள்ளே அழைத்துச் செல்லும்.